ஞாயிற்றுக்கிழமை மண்டபம்

முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தரையில் சாய்த்துப் பிடித்தபடி நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே கண்ணபிரான். அவர் மடியில் ஒரு பலகை, பலகைமேல் கட்டம் போட்ட தாள். கண்ணாடிக்குள் தெரியும் மீனைப் பார்த்துப் பார்த்து, பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருக்கிறார். நிஜ மீன் எங்கள் தலைக்கு மேலே, மண்டபத்துக் கூரைக் கல்லில் இருக்கிறது.

"டீச்சர், கையி ஆடுது."

"ஆடாம இன்னா பண்ணும்? அரை மணி நேரமா புடிச்சிகினு இருக்கேன்."

"இன்னும் ஒரே ஒரு செதிலுங்க. அத முடிச்சிட்டா டீ."

"இதையேதான் மூணு செதிலுக்கு முன்னாடியும் சொன்னீங்க."

அவர் சிரிக்கவில்லை. வேலையில் இருக்கும்போது அவருக்குக் காது பாதிதான் கேட்கும். எனக்குத் தோள்பட்டை வலித்தது. ஆனால் அந்தச் செதில் முடியவே கூடாது என்றும் இருந்தது.

இந்தப் பத்திரிகைத் தொடரை ஆரம்பித்தபோதே இதை எழுதியிருக்க வேண்டும். டைப்ரைட்டிங் பரீட்சையில் மின்சாரம் போனது, ரிப்பன் மை மாணவியின் பட்டுப்பாவாடையில் கொட்டியது என்று வாராவாரம் வேறு எதையெதையோ எழுதி ஒப்பேற்றினேன். போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்து, "டீச்சர், அந்த மண்டபத்தப் பத்தி எழுதவே இல்லியே?" என்றாள். மாட்டிக்கொண்டேன். தள்ளிப்போடுவதில் எனக்கு எவ்வளவு சாமர்த்தியம் உண்டு என்பதும் இந்தக் கதையில்தான் வருகிறது.

டைப் அடிக்க ஆள் வேண்டும்

ஆரணிக் கடைத்தெருவில் மாடியில் என் இன்ஸ்டிட்யூட். பன்னிரண்டு மெஷின்கள். எதிர்வரிசையில் நந்தகுமாரின் மெடிக்கல் ஷாப். ஒருநாள் மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது நந்தகுமார் படியேறி வந்தார். பன்னிரண்டு மெஷினும் ஒன்றாக ஓடும்போது பேசினால் காதில் விழாது. அவர் கத்தினார்.

"டீச்சர், நாங்க ஆறு பேரு ஒரு சங்கம் வெச்சிருக்கோம். பழைய மண்டபம், கல்வெட்டு இதையெல்லாம் காப்பாத்தற சங்கம். எல்லாரும் வாயில பேசுறோம், மனு டைப் அடிக்கத்தான் ஆளில்ல."

"எப்ப கூடுவீங்க?"

"ஞாயித்துக்கெழம. உங்களுக்கு லீவு நாளு, தொந்தரவா இருந்தா..."

"வரேன்," என்றேன், அவர் முடிப்பதற்குள்.

சரித்திரத்தின்மேல் இருந்த ஆசையால் போனேன் என்று யாராவது நினைத்தால் அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். பல்லவனுக்கும் சோழனுக்கும் வித்தியாசம் கேட்டால் அப்போது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பயந்து போனேன், அவ்வளவுதான்.

அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தம்பி ஓசூரில் குடும்பத்தோடு இருந்தான். கல்யாணம் என்ற பேச்சு எனக்கு வந்து, நின்று, பிறகு யாரும் எடுக்காமல் போய்விட்டது. வாரத்தில் ஆறு நாள் சத்தம் இருக்கும். ஏழாம் நாள் பன்னிரண்டு மெஷினும் உறை போட்டு உட்கார்ந்திருக்கும். தெரு முழுக்கக் கறிக்குழம்பு வாசனை அடிக்கும். நான் ஒரு டம்ளர் அரிசி வைத்து, ரசம் வைத்து, அதைச் சாப்பிட்டு முடிக்கும்போது மணி பன்னிரண்டுகூட ஆகியிருக்காது. ஒரு ஞாயிறு முழுக்க நான் வாய் திறந்து பேசியது பால்காரரிடம் "அரை லிட்டரு" என்று சொன்னது மட்டும்தான். சில நாள் ஒரு மெஷினின் உறையை எடுத்துவிட்டு, வெறுமனே ஏதாவது அடித்துக்கொண்டிருப்பேன். சத்தத்துக்காக.

மைதாவும் எறும்பும்

மண்டபம் ஊர்க்கோடியில், தேசூர் பஸ் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தூர்ந்துபோன ஒரு குளத்தின் கரையில் இருந்தது. பதினாறு கால். எந்த ராஜா கட்டினார் என்று எங்களுக்குள் சண்டையே நடந்திருக்கிறது. நாங்கள் போய்ச் சேரும்வரை அது சீட்டாடுகிறவர்களுக்கும் வௌவால்களுக்கும் சொந்தமாக இருந்தது. சாயப்பட்டறைக்காரர்கள் தூணுக்குத் தூண் மூங்கில் கட்டி, நனைந்த பட்டுநூலைக் காயப்போடுவார்கள். சொட்டிய சாயத்தில் தூண்களின் அடி சிவப்பும் பச்சையுமாக இருக்கும். அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று நந்தகுமார் குதிப்பார். கண்ணபிரான் விடமாட்டார்.

"இருந்துட்டுப் போவுது வுடுங்க. கல்லு மட்டும் எந்நேரமும் வெள்ளப் பொடவ கட்டிகினு இருக்கணுமா?"

முதல் மூன்று ஞாயிறும் வௌவால் எச்சம் வாரினோம். முழங்கை அளவுக்குக் கிடந்தது. வீட்டுக்கு வந்து எத்தனை தடவை குளித்தாலும் அந்த நாற்றம் தலைமுடியில் நின்றது. சீட்டாடுகிறவர்கள் எங்களைப் பார்த்து, "பெருக்கறதுதான் பெருக்கறீங்க, சனிக்கெழமயே வந்து பெருக்கிட்டீங்கன்னா ஞாயித்துக்கெழம நாங்க பேஜாரில்லாம ஆடுவோம்ல?" என்று யோசனை சொன்னார்கள்.

வாசல்படியில் ஒரு கல்வெட்டு இருந்தது. எழுத்து தெரிய வேண்டுமானால் மாவைத் தேய்த்துத் துடைக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, நந்தகுமார் அரைக் கிலோ மைதா கொண்டுவந்தார். தேய்த்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் எழுத்துக்குள் வரிசை வரிசையாக எறும்பு. அன்றைக்கு எறும்புகள்தான் கல்வெட்டு படித்தன. ஒரு மாதம் கழித்து ஒருவழியாகப் படித்தோம். ராஜாவும் இல்லை, போரும் இல்லை. வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த ஒருவரின் பெயர். நந்தகுமாருக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கு என்னவோ அந்தத் தண்ணீர்க்காரரைப் பிடித்துப்போனது.

இரண்டு பொட்டலம்

கண்ணபிரான் அட்டை அடிக்கிறவர். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பட்டுப்புடவையில் பார்டருக்கு ஒரு டிசைன் வேண்டுமென்றால், முதலில் அதைக் கட்டத்தாளில் வரைய வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஓர் இழை. பிறகு அந்தக் கட்டங்களின்படி அட்டைகளில் ஓட்டை போட வேண்டும். அந்த அட்டைகளைத் தறிக்கு மேலே மாட்டினால், எந்த இழை எழ வேண்டும், எந்த இழை படுக்க வேண்டும் என்பதை அட்டை சொல்லும். ஒரு கட்டம் தப்பினால் அந்தத் தப்பு புடவை முழுக்க வரும். கண்ணபிரான் அடித்த அட்டையில் தப்பு வந்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

அவர் சங்கத்தில் சேர்ந்ததற்குக் காரணம் அந்தக் கூரைக் கல். அதில் செதுக்கிய இரண்டு மீன்கள் ஒரு தாமரையைச் சுற்றி வரும். அண்ணாந்து பார்த்து வரைந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தைலம் தேய்த்தாராம். மூன்றாவது வாரம் வீட்டுக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தரையில் வைத்தால் மேலே இருப்பது கீழே தெரியும் அல்லவா?

"இடது வலது மாறிப்போவாதா?" என்று கேட்டேன்.

"தறியில நெய்யறப்பவே பின்பக்கந்தாங்க மேல தெரியும். திருப்பிப் பாத்தே பழகிட்ட கண்ணு இது," என்றார்.

தரை மேடுபள்ளமாக இருந்ததால் கண்ணாடி நிற்கவில்லை. பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

மதியம் அவர் பையிலிருந்து இரண்டு பொட்டலம் எடுப்பார். புளிசாதம். ஒன்று அவருக்கு. இன்னொன்றில் அவர் மனைவி சிவப்பு நூல் சுற்றியிருப்பார். "இது டீச்சருக்குன்னு சொல்லி வுட்டா." அந்த அம்மாவை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். எனக்குக் காரம் ஆகாது என்று கண்ணபிரான் வீட்டில் சொல்லியிருப்பார் போல. சிவப்பு நூல் பொட்டலத்தில் மிளகாய் இருக்காது. எனக்காக ஒருவர் மிளகாயைப் பொறுக்கி எடுத்திருக்கிறார் என்பதை முதல் நாள் கண்டுபிடித்தபோது அழுகையே வந்துவிட்டது. தூணுக்குப் பின்னால் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தேன்.

நந்தகுமாரின் சிரிப்பு

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆடி மாதம். கூரைக் கல்லில் ஒரு விரிசல் நீண்டுகொண்டே வருவதைக் கண்ணபிரான்தான் முதலில் கண்டுபிடித்தார். கட்டத்தாளில் அவருக்கு அது ஒரு கட்டம் நகர்ந்திருந்தது.

"மழைக்கு முன்னாடி ஜல்தியா ஏதாவது பண்ணணும்," என்றார். "எங்க வூட்டுக் கூரன்னா நானே முட்டுக் குடுத்துடுவேன். இத தொட்டா ஒடஞ்சிடும்."

அரசாங்கத்துக்கு மனு போடுவது என்று முடிவாயிற்று. மண்டபத்தைப் பாதுகாக்கப்பட்ட இடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். கூரையைச் செப்பனிட வேண்டும். கம்பிவேலி, பூட்டு, காவலர் வேண்டும். நான் டைப் அடித்து, தேதி போட்டு, ஏழு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்து போட்டுவிட்டு நந்தகுமார் பேனாவை மூடியபடி சிரித்தார்.

"இந்த மனு மட்டும் போயி சேந்துச்சின்னா, அப்பறம் எல்லாத்தையும் அவங்களே பாத்துக்குவாங்க. நம்ம வேல முடிஞ்சிது. ஞாயித்துக்கெழம வூட்ல கறி துன்னுட்டு, கால நீட்டிப் படுத்துகினு தூங்கலாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணபிரானும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப வேண்டும். நான்தான் அனுப்ப வேண்டும். காலையில் உறையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பாதிப் படியில் நின்றேன். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் குடியா முழுகிவிடும்? மீன் இன்னும் முடியவில்லையே? ஒரு மீனும் பாதித் தாமரையும்தானே ஆகியிருக்கிறது? அவருக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுபோகுமாம். மேலேறிப் போய் மேஜை இழுப்பறையைத் திறந்து, ரிப்பன் டப்பாக்களுக்குக் கீழே மனுவை வைத்து மூடினேன்.

அடுத்த ஞாயிறு நந்தகுமார், "போட்டாச்சா டீச்சர்?" என்றார். "ஆச்சு," என்றேன். ரசீது எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு நம்பினார்கள்.

ஆவணி போயிற்று. புரட்டாசி போயிற்று. இதற்கிடையில் கண்ணபிரானுக்கு முகூர்த்தப் புடவை வேலை குவிந்துவிட்டது. மண்டபத்துக்கு வருவார், ஆனால் பலகையைக் கொண்டுவரமாட்டார். "மீதிய வேல கொறஞ்சதும் பாத்துக்கலாம்," என்பார். மீனும் நகரவில்லை, மனுவும் நகரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இழுப்பறையைத் திறப்பேன். அடுத்த வாரம் என்று மூடுவேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் நான் அப்படி ஒரு துரோகம் செய்ததில்லை. இப்போது எழுதும்போதும் விரல் கூசுகிறது.

வெண்ணெய் திரண்டு வரும்போது

ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் நந்தகுமார் கடையைக்கூடத் திறக்காமல் குடையோடு என் வாசலில் நின்றார். "கல்லு வுழுந்துடிச்சி டீச்சர்," என்றார்.

யாருக்கும் அடிபடவில்லை. மழைக்குச் சீட்டாடுகிறவர்கள்கூட வரவில்லை. கூரையில் ஒரு பெரிய ஓட்டை. அது வழியாக மழை நேரே மண்டபத்துக்குள் பெய்துகொண்டிருந்தது. தரையில் கல் நான்கைந்து துண்டாகக் கிடந்தது. மீன் இருந்த பக்கம் கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. கண்ணபிரான் நனைந்துகொண்டே சில்லுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு செதில்கூட முழுசாகக் கிடைக்கவில்லை.

"மனு போயி எவ்ளோ நாளாச்சிங்க டீச்சர்?" என்று நிமிராமலே கேட்டார்.

"மூணு மாசமாவுது."

"மூணு மாசமா இன்னா பண்ணிகினு இருக்கானுங்க?" என்று நந்தகுமார் கத்தினார். அரசாங்கத்தை, தபால்காரர்களை, எல்லாரையும் திட்டினார். அந்தச் சனங்களுக்கு நான் இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கே பதினொரு மணிக்கு மனுவைத் தபாலில் சேர்த்தேன். தேதியைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் ஏழு பேரிடமும் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டுமே!

ஒரு கட்டம் தப்பினாலும்

மூன்றே வாரத்தில் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். விழுந்த கல்லைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"ரெண்டு மாசம் முன்னாடி எழுதியிருந்தீங்கன்னா முட்டுக் குடுத்து நிறுத்தியிருக்கலாம்ங்க."

"ஆடியிலயே எழுதினோமே சார்!" என்றார் நந்தகுமார்.

"அப்படியா? தபால்ல எங்கயாவது நின்னிருக்கும்," என்று அதிகாரி ஃபைலைத் திறந்து ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்துவிட்டு, தூண்களை அளக்கப் போனார். நந்தகுமார் பின்னாலேயே ஓடினார்.

கண்ணபிரான் ஃபைல் பக்கத்தில் நின்றார். மேலே என் மனு இருந்தது. நான் அடித்த ஆடி மாதத் தேதி ஒரு மூலையில். உறையும் அதோடு சேர்த்துக் குத்தியிருந்தது. உறைமேல் ஆரணித் தபால் முத்திரை, ஐப்பசித் தேதியோடு, அழுத்தமாக. அவர் குனிந்து பார்த்தார். அட்டையில் ஒரு கட்டம் தப்பினாலும் கண்டுபிடிக்கிற கண் அது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு ஃபைலை மூடி, காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு, அளவுநாடாவைப் பிடிக்கப் போனார்.

யாரிடமும் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு வந்தார். பையிலிருந்து பொட்டலம் எதுவும் எடுக்கவில்லை. "வூட்ல இன்னிக்கி செய்யலீங்க," என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். கட்டத்தாள். ஒரு மீன், பாதித் தாமரை.

"இத நீங்க வெச்சிக்கோங்க டீச்சர்."

"முடிக்கலியே?"

"எத பாத்து முடிக்கறது?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கோபக்காரர்களோடு எனக்குப் பேசத் தெரியும். இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது? சொல்லியிருக்கலாம். 'ஞாயித்துக்கெழம எனக்குப் போக எடமில்லீங்க, அதான்' என்று ஒரு வரி. தாளை வாங்கிக்கொண்டு, "சரிங்க," என்றேன்.

விடுமுறை நாள்

மனுவில் கேட்டது எல்லாமே கிடைத்தது. கூரை ஓட்டையை வெறும் கல் வைத்து மூடினார்கள். கம்பிவேலி வந்தது, பூட்டு வந்தது, பெயர்ப்பலகை வந்தது. திறப்பு நாளன்று நந்தகுமார் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். அதுதான் நாங்கள் ஏழு பேரும் கடைசியாகச் சேர்ந்து நின்றது. சங்கத்தை யாரும் கலைக்கவில்லை. கூட்டுவதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். கொஞ்ச வருஷத்தில் டிசைன் வரைய கம்ப்யூட்டர் வந்தது. கண்ணபிரான் பெங்களூரில் மகள் வீட்டுக்குக் குடிபோனார். போகும்போது சொல்லிக்கொண்டுதான் போனார். "ஒடம்ப பாத்துக்கோங்க டீச்சர்," என்றார், எல்லாரிடமும் சொல்வது போலவே. நந்தகுமார் மகனோடு சென்னைக்குப் போனார்.

எனக்கும் மெஷின்கள் பன்னிரண்டு ஆறாகி, ஆறு இரண்டாகின. ஒரு ஞாயிறு தாங்க முடியாமல் மண்டபத்துக்கு நடந்தேன். பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தேன். தூண்களின் அடியில் இருந்த சிவப்பும் பச்சையும் போயிருந்தன. நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள்.

மறுநாள் வகுப்பை ஒரு மணி நேரம் தள்ளிவைத்துவிட்டுப் போனேன். காவலர் வெம்பாக்கம் பக்கத்துக்காரர். தினமும் பஸ்ஸில் வருகிறவர்.

"ஞாயித்துக்கெழம ஏங்க தொறக்கறதில்ல?"

"எனுக்கு லீவும்மா. ஆறு நாளும் தொறந்துதான் வெச்சிகினு இருக்கேன், ஒரு ஈ காக்கா வர்றதில்ல. ஞாயித்துக்கெழம யாரும்மா இங்க வருவாங்க?"

"நாந்தான்," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேலி, பூட்டு, காவலர் என்று வரிசையாக டைப் அடித்ததே நான்தான் என்று அவருக்குச் சொல்லவில்லை.

அன்று மாலை உட்கார்ந்து ஒரு மனு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் மண்டபத்தைத் திறந்துவைக்குமாறு கேட்டு. கீழே பழக்கதோஷத்தில் ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டுவிட்டேன். முதல் எண்ணுக்கு நேரே என் கையெழுத்து. மற்ற ஆறும் காலியாக இருந்தன. அழித்து அடிக்க மனம் வரவில்லை. அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன்.

மறுநாள் காலை தபாலாபீஸ் கதவு திறக்கும்போதே போய் நின்று ரிஜிஸ்டரில் அனுப்பினேன். ரசீதை வீட்டுக்குக் கொண்டுவந்து அந்தக் கட்டத்தாளோடு சேர்த்துக் குத்தி, இழுப்பறையில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. இந்த முறை ரசீது இருக்கிறது. கேட்கத்தான் யாரும் இல்லை.